ஆவணம் இல்லை என்பது ஆள் இல்லை என்பதாகாது

ஒருவர் எங்கே பிறந்தார், அவருடைய தந்தை யார், அவர் எங்கே வசிக்கிறார் ஆகிய மூன்றும் மிகச் சாதாரணமான தகவல்களே. எனினும் பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளை முதலான பகுதிகளின் தோட்டங்களில் வாழ்ந்த பல தலைமுறையினரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இச்சிறு தகவல்களே நிர்ணயித்தன. இத்தகைய தகவல்களை எவ்வாறு சேமித்து வைப்பது, தேவையானபோது எவ்வாறு வினவிப் பெறுவது என்பது கணினித் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வரும் விடயமாகும். அவ்வாராய்ச்சி புலப்படுத்திய உண்மை ஒன்று மலையக மக்களின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

இத்துறையில் முன்னோடியாக விளங்கியது லிஸ்ப் என்னும் கணினி மொழி. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோன் மக்கார்த்தி 1958 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினார். எதனையும் அடைப்புக்குறிக்குள் அமைந்த ஒரு பட்டியலாக எழுதுவதே இம்மொழியின் அடிப்படை. ஆகவே ஒரு தகவலையும் பின்வருமாறு சுருக்கமாக எழுதிவிடலாம். பெயர்கள் உதாரணத்திற்காகக் கற்பனையாகத் தரப்பட்டவை.

(தந்தை வேலு முத்து)
(பிறந்த-இடம் வேலு லுணுகலை)
(பிறந்த-இடம் முத்து பசறை)
(அடங்கும் லுணுகலை இலங்கை)
(அடங்கும் பசறை இலங்கை)

வேலுவின் தந்தை முத்து; வேலு பிறந்த இடம் லுணுகலை; முத்து பிறந்த இடம் பசறை; இவ்விரு ஊர்களும் இலங்கையில் அடங்கும் என்பது இவற்றின் பொருள். ஒவ்வொரு வரியும் தனித்து நிற்கும் ஓர் உண்மை. வழக்கமான படிவத்தில் முன்கூட்டியே வரையப்பட்ட கட்டங்களுக்கு மட்டுமே இடமுண்டு. இங்கோ புதிய தகவல் கிடைத்தால் புதிய வரி ஒன்றைச் சேர்த்தாற் போதுமானது.

வினவுவதும் இதே வடிவில்தான். தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறியை இட்டு (பிறந்த-இடம் ?யார் பசறை) என எழுதினால், கணினி தன்னிடமுள்ள வரிகளோடு அதனைப் பொருத்திப் பார்த்து, "முத்து" என விடை தரும். வரிகள் இலட்சக்கணக்கில் இருப்பினும் தாமதம் ஏற்படாதிருக்க, ஆள்வாரியாகவும் உறவுவாரியாகவும் இடவாரியாகவும் அவை தனித்தனியே அகரவரிசைப்படுத்தப்பட்டிருக்கும். இரண்டு மூன்று வினாக்களை இணைத்துக் கேட்பதும் சாத்தியம். "வேலுவின் தந்தை இலங்கையிற் பிறந்தவரா?" என்ற கேள்விக்குரிய விடை எந்த ஒரு வரியிலும் இல்லை. தந்தை யார், அவர் பிறந்த ஊர் எது, அவ்வூர் எங்கே உள்ளது என்ற மூன்று வரிகளையும் கோத்துப் பார்த்தே கணினி "ஆம்" என்கிறது. இன்று வழக்கிலுள்ள அலெக்ரோகிராப், டேட்டோமிக் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் இதே முறையின் வளர்ச்சிகளாகும்.

இந்த உதாரணம் தற்செயலாகத் தெரிவுசெய்யப்பட்டதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்வியும் இதுவே. 1948 நவம்பர் 15 ஆம் திகதிக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும் என அச்சட்டம் விதித்தது. தான் இந்நாட்டிற் பிறந்தது மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை.

சட்டத்தைக் கணினி விதிகளாக எழுத முடியும் என்பது பின்னாளில் செய்து காட்டப்பட்ட ஒன்று. பிரித்தானியாவின் 1981 ஆம் ஆண்டு தேசிய இனச் சட்டத்தை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மரெக் சேர்கொட், ரொபர்ட் கோவால்ஸ்கி ஆகியோரும் அவர்களின் சகாக்களும் தர்க்க நிரலாக எழுதி 1986 இல் வெளியிட்டனர். லிஸ்ப் அன்றி, புரோலொக் என்னும் மொழியில் அமைந்தபோதிலும், உண்மைகளையும் விதிகளையும் வைத்து வினவும் முறை ஒன்றேதான்.

இங்குதான் சிக்கலான ஒரு கேள்வி எழுகின்றது. பொருந்தும் வரி எதுவும் கிடைக்காவிட்டால் கணினி என்ன விடை கூற வேண்டும்? முத்துவின் பிறந்த இடத்தைக் கூறும் வரி பதியப்படாமற் போயிருந்தால், வேலுவின் தந்தை இலங்கையிற் பிறந்தவரா என்ற வினாவிற்குப் பல தரவுத்தளங்கள் "இல்லை" என்றே பதிலளிக்கும். "தன்னிடம் இல்லாதது உலகிலும் இல்லை" எனக் கொள்ளும் இம்முறையை மூடிய உலக அனுமானம் என்பர். றேமண்ட் ரைட்டர் என்ற அறிஞர் 1978 இல் இதற்கு முறையான விளக்கம் அளித்தார். விமானமொன்றின் பயணிகள் பட்டியலுக்கு இவ்வனுமானம் பொருந்தும். பட்டியலிற் பெயர் இல்லையெனில் அவர் பயணி அல்லர். ஏனெனில் அப்பட்டியல் முழுமையானது.

முழுமையற்ற ஏட்டிற்கு இதே அனுமானத்தைப் பிரயோகித்தால் விளைவது அநீதியே. அத்தகைய ஏடுகளைப் பொறுத்தவரையில் "ஆம்", "இல்லை" என்பவற்றோடு "தெரியாது" என்ற மூன்றாவது விடைக்கும் இடமளிக்க வேண்டும். இதுவே திறந்த உலக அனுமானம் எனப்படுகிறது. இணையத் தரவுகளுக்கென 1999 இல் வகுக்கப்பட்ட மூவுறுப்புத் தகவல் நியமம் இவ்வனுமானத்தையே தழுவியது. அலெக்ரோகிராப் சேமிப்பதும் அத்தகைய மூவுறுப்புத் தகவல்களையே.

தோட்டங்களில் ஏடுகள் இல்லாதிருக்கவில்லை. யார் எத்தனை நாள் பேர் போட்டார், எவ்வளவு கொழுந்து பறித்தார், எவ்வளவு கடன் பட்டார் என்பவை செக்ரோலில் துல்லியமாகப் பதியப்பட்டன. கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சியான "துண்டு" இன்றித் தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்திற்குச் செல்ல முடியாத நிலை 1921 இல் அம்முறை தடைசெய்யப்படும் வரை நீடித்தது. உழைப்பையும் கடனையும் பற்றிய ஏடு முழுமையாக இருந்தது. உரிமைக்கு ஆதாரமாகக்கூடிய தகவல்களோ அவ்வாறு பேணப்படவில்லை. பாட்டனார் பிறந்ததற்கான பத்திரத்தை லயன் அறையில் எவர்தான் வைத்திருந்தார்?

1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வேறொரு கேள்வியை முன்வைத்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடைவிடாது வசித்திருக்க வேண்டுமென அது கோரியது. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டபோதும், பிரசாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. எஞ்சியோர் 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் வெறும் எண்ணிக்கைகளாகினர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு.

நிவாரணம் வந்தது, கேட்கப்பட்ட கேள்வி மாறியபோதுதான். 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் சத்தியக் கடதாசியைச் சான்றாக ஏற்க இடமளித்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமோ, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருபவரா, அல்லது அத்தகையவரின் வழித்தோன்றலா என்று மட்டுமே கேட்டது. மக்கள் மாறவில்லை, அவர்களின் வரலாறும் மாறவில்லை. வினா மட்டுமே மாறியது. முஸ்லிம் வாசகர்களுக்கும் இது அந்நியமான விடயமன்று. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பலர் காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் கைவிட்டே வந்தனர். உறுதி கையில் இல்லை என்பதால் காணியே இருக்கவில்லை என்றாகிவிடுமா?

இவை யாவும் பழங்கதைகள் எனத் தள்ளிவிட இயலாது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை லயன்கள் மண்ணில் புதையுண்டபோது, காணாமற்போனோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. நூற்றைத் தாண்டும் எனக் கூறப்பட்ட தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது. அப்பகுதி அபாயமானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமையும் அதன் பின்னரே பலருக்குத் தெரியவந்தது. "இந்த லயன் அபாய வலயத்தில் உள்ளது" என்பது ஒரு தகவல். "இக்குடும்பம் இந்த லயனில் வசிக்கிறது" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருப்பின், யார் யாரை உடனடியாக அகற்ற வேண்டும் என்ற பெயர்ப்பட்டியல் ஒரே வினாவிற் கிடைத்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன என்பது இத்தேவையை மேலும் வலியுறுத்துகிறது.

டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்பட்டு வரும் இக்காலத்தில் சில விடயங்களில் கவனம் செலுத்துவது அவசியம். முதலாவது, பெயரையே ஆளாகக் கொள்ளலாகாது. மும்மொழிகளிலும் எழுதப்படும்போது முகம்மது ஒரு பத்திரத்தில் மொஹமட் ஆகிறார், இன்னொன்றில் முஹம்மத் ஆகிறார். ஒரே தோட்ட முகவரியில் இரண்டு முத்தையாக்கள் இருப்பதும் சாதாரணம். ஆளுக்கு ஓர் அடையாள இலக்கமும், எழுத்து வேறுபாடுகள் ஒவ்வொன்றிற்கும் ஒரு வரியும் இருப்பின் இக்குழப்பம் நீங்கும்.

இரண்டாவது, பழைய பதிவை அழித்து எழுதலாகாது. 2012 இல் வெளிவந்த டேட்டோமிக்கில் ஒவ்வொரு தகவலோடும் அது பதியப்பட்ட நேரமும் சேர்கிறது. திருத்தம் செய்தாலும் பழையது வரலாறாக எஞ்சும். எந்த நாளில் ஏடு என்ன கூறியது எனப் பின்னர் கேட்டறிய முடியும். மூன்றாவது, கோத்துப் பார்க்கும் ஆற்றல் இருமுனைக் கத்தியைப் போன்றது. ஒருவரின் இனம், மதம், வசிப்பிடம் ஆகியவற்றை ஒரே வினாவில் திரட்ட முடியும் என்பதன் ஆபத்தை இந்நாட்டின் சிறுபான்மையினருக்கு விளக்க வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரியவாறு நடைமுறைப்படுத்தப்படுவது இதனாலேயே முக்கியமாகிறது.

கணினி தன்னிடமுள்ள வரிகளை மட்டுமே அறியும். இல்லாத வரிக்கு "இல்லை" எனக் கூறுவதா, "தெரியாது" எனக் கூறி விசாரிப்பதா என்பதை முடிவுசெய்வது அதனை அமைக்கும் மனிதரும் அவரைப் பணிக்கும் அரசுமே. "தெரியாது" என்ற விடை கிடைத்தவுடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாமல், தோட்டத்திற்குச் சென்று விசாரித்து அவ்வரியை எழுதிச் சேர்ப்பது அதிகாரியின் கடமை எனப் புதிய முறைமையில் விதிக்கப்படல் வேண்டும். ஏட்டின் குறைபாட்டிற்கு ஏட்டில் எழுதப்படாதவர்களைத் தண்டித்த தவறு இன்னொரு முறை, அதுவும் கணினியின் வேகத்தில், நிகழ இடமளிக்கலாகாது.