மாமா, கையைத் தூக்குங்க!

மாமனார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நெய்வேலியில் எனக்குக் கிடைத்தது கேள்வி! மாமியார் தட்டு நிறையப் பண்ருட்டிப் பலாச்சுளையை நீட்ட, நான் கை வைக்கப் போக, குறுக்கே விழுந்தான் மச்சினன்.

"இருங்க மாமா! பலா ஒரு பழமா, பல பழமா?"

"ஒண்ணுதான். கடைக்காரன் ஒண்ணுக்குத்தானே விலை சொல்றான்?"

"தப்பு. ஒரு பூங்கொத்தே சேர்ந்து ஒரு பழமாயிருக்கு. ஒவ்வொரு சுளையும் ஒரு பூவோட வேலை. கூட்டுக்கனி. இப்ப சாப்பிடுங்க!"

பயல் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு பி.எட். இரண்டாம் வருஷம் படிக்கிறான். (முன்னெல்லாம் பி.எட். ஒரு வருஷம்தான். 2015-ல் இரண்டாக்கிவிட்டார்கள்.) மாமனாருக்குச் சுரங்கத்தில் இன்னும் பத்து மாசம்தான் சர்வீஸ். அதற்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். பையனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. தினமும் காலண்டரைக் கிழிக்கும்போது அவனை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

வாத்தியார் வேலைக்குப் படிப்பதென்றால் சாக்பீஸைப் பிடித்தால் போதும் என்றுதான் பி.காம். படித்த நான் நினைத்திருந்தேன். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று இருக்கிறது சார்! 1963-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. ஐந்தாறு நிமிஷப் பாடம், ஒரு தடவைக்கு ஒரே ஒரு திறமை. இன்றைக்குக் கேள்வி கேட்பது, நாளைக்குப் பாராட்டுவது, மறுநாள் கரும்பலகையில் எழுதுவது. கூடப் படிக்கிறவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். லீவு நாளில் அந்த நடிகர் பட்டாளத்துக்கு எங்கே போவது? "மாமா, பதில் தெரிஞ்சா கையைத் தூக்குங்க!"

இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும், பள்ளிக்கூடத்தில் எடுத்த முதல் பாடத்தில் பயல் கவிழ்ந்தான். ஒன்பதாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை. மனப்பாடம் பண்ணியதையெல்லாம் இருபத்தைந்து நிமிஷத்தில் கொட்டித் தீர்த்துவிட்டான். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" மீதி இருபது நிமிஷம்? சுவரைப் பார்த்தானாம், சுவரும் அவனைப் பார்த்ததாம். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆசிரியை, 'நன்றாகச் சொன்னார். மாணவர்கள் ஒன்றும் சொல்லவில்லை' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "நான் இதுக்கு லாயக்கில்ல மாமா. அப்பாகிட்ட நீங்களே பேசிடுங்க" என்றான். எனக்குத் திக்கென்றது.

ஆசிரியை நல்லவர். அதே பாடத்தைச் சோதனையோடு மறுபடி எடுக்கச் சொன்னார். செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால் இலையில் சேர்ந்த மாவுச்சத்து செலவாகிவிடும். பிறகு ஓர் இலையில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். அந்த இலையை வெந்நீரில் போட்டெடுத்து, ஆல்கஹாலில் வேகவைத்துப் பச்சையம் போக்கி, அயோடின் விட்டால் வெயில் பட்ட இடம் மட்டும் கருநீலமாகும். (ஆல்கஹாலை நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும்.)

செம்பருத்தித் தொட்டி கட்டிலுக்கு அடியில் போனது. மூன்றாம் நாள் காலையில் காகிதத்தை மாட்டினான், மத்தியானம் வகுப்பு. அயோடினை விட்டால்... இலை முழுக்கக் கருநீலம்! மூடின பாதியும்தான்.

"சார், மாறவே இல்லையே!" என்று கத்தியது வகுப்பு. புஸ்தகத்தில் உள்ளபடி முடிவை எழுதிப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தானாம். போடவில்லை. "ஏன் மாறலைன்னு எனக்கும் தெரியல. நீங்க சொல்லுங்க" என்றான். அயோடின் கெட்டுப்போச்சு என்றான் ஒருவன். காகிதத்தில் ஓட்டை என்றான் இன்னொருவன். ஓட்டை இல்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு சிறுமி எழுந்து, "பழைய மாவுச்சத்து தீரவே இல்ல சார். உங்க வீட்ல யாராவது செடியை வெளியே எடுத்து வச்சிருப்பாங்க" என்றாள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்கு வந்து விசாரித்தால், மாமியார் ஒப்புக்கொண்டார். "செடி வாடுதேன்னு நேத்து பூரா வெயில்ல வச்சேன். சாயங்காலம் அங்கேயேதானே வச்சுட்டேன்!"

இந்தத் தடவை ஆசிரியை நோட்டில் என்ன எழுதினார் என்று காட்ட மாட்டேன் என்கிறான். சிரிக்கிறான்.

அவன் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை எழுதிக் காட்டியபோது எனக்கு லெட்ஜர் ஞாபகம்தான் வந்தது. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் பதினெட்டு, டாலி! "அப்ப உங்கப்பா வெட்டற நிலக்கரி?" "மரம் போட்டு வச்ச டெபாசிட் மாமா. லிக்னம்னா லத்தீன்ல மரம். அதான் லிக்னைட்." 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டப்போய்க் கண்டதும், 1961-ல் சுரங்கத்தில் முதன்முதலாக வெளிப்பட்டதும், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய அந்த டெபாசிட்தான். ஷோகேஸில் இருந்த கரித்துண்டு இப்போது அவன் பையில்.

வேலை? அது தனிக்கதை. முதலில் தகுதித் தேர்வு, மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி. அதில் தேறினாலும் வேலை இல்லை. 2018-ல் வந்த அரசாணைப்படி தனியாக ஒரு போட்டித் தேர்வும் உண்டு. விலங்கியல் படித்தவன் தகுதித் தேர்வில் முப்பது கணக்குக் கேள்வி வேறு போட்டாக வேண்டும். பத்து மாசத்துக்குள் இதெல்லாம் ஆகிற காரியமா? மாமனார் காலண்டரைக் கிழித்தார், இந்த முறை என்னைப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தான். "மாமா, கூட்டுவட்டி சொல்லிக் குடுங்க." என் ஏரியா! காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, "அசல் ஆயிரம், வட்டி பத்து பர்சென்ட். முதல் வருஷ முடிவில..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க மாமா. நீங்களே சொல்லிடாதீங்க. என்னைக் கேளுங்க!"