பழவேற்காடு: அமைவிடமும் பூர்வ சரித்திரமும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் ஜில்லா பொன்னேரி தாலூகாவில், உப்பேரியானது கடலுடன் கலக்கும் முகத்துவாரத்தையடுத்துப் பழவேற்காடு கிராமம் அமைந்துள்ளது. ஆரணியாறு இவ்வேரியிலேயே வந்து விழுகிறது. டச்சுக்காரர் 1613-ல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமை ஸ்தலமாக வைத்திருந்தனர். சாயமிட்ட துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்கனுப்பி, வாசனைத் திரவியங்களைப் பெறுவதே அவர்கள் நோக்கம். 1690-ல் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை அழிந்தது, அவர்களுடைய கல்லறைத் தோட்டம் நிற்கிறது.

கோட்டையைக் காட்டிலும் நம் மிராசுதார்கள் கவனிக்கத்தக்கது மீனவர்களின் 'பாடு' என்னும் ஏற்பாடு. வலை விரிக்கும் இடங்களை ஊரார் கூடி, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றனர். நமது முறைப்பாசனத்தை இது ஒத்ததெனலாம்.

இவர்கள் ஜீவனம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. கோடையில் அது மணலால் தூர்ந்துவிடின், கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வரா. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றில் வரும் வெள்ளமே அதை மீண்டும் திறந்துவிடுகிறது. நன்னீர் குறையின் நஷ்டம் மேற்புறத்துக் குடியானவர்களுக்கும் உண்டு. மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து, பல கிணறுகள் உவர்த்துப்போயின.