கை போனதும் கான்ட்ராக்டர்

வேலை நடக்கும்வரை 'நம்ம ஆள்'. விபத்து நடந்து நஷ்டஈடு கேட்டதும் 'அவர் தனி கான்ட்ராக்டர்'. பல ஆண்டுகளாக நீதிமன்றங்களைச் சுற்றிவரும் இந்த வாதம் இப்போது சட்டத்துக்குள்ளேயே இடம்பிடித்திருக்கிறது.

1968 ஜூலை 6. அன்றைய ஒரிசாவின் கோராபுட் மாவட்டத்தில் உள்ள ஜெய்ப்பூர் நகரம். அங்கே ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். அவரது இடது கையை முழங்கையோடு எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அவர் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். உரிமையாளரின் பதிலில் இரண்டே விஷயங்கள்தான். அவர் எப்போதாவது வந்துபோகும் கான்ட்ராக்டர். விழுந்தது அவருடைய கவனக்குறைவால்.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் தச்சருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே சம்பாதிக்கும் திறன் முழுவதும் போய்விட்டது என்று கமிஷனர் போட்ட கணக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நஷ்டஈடு 9,800 ரூபாய், அதற்கு மேல் அபராதமும் வட்டியும். பணம் கொடுக்கும் கடமை விபத்து நடந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது. கான்ட்ராக்டர் என்ற பேச்சு எடுபடவில்லை. ஆனால் தீர்ப்பு வர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

முதலாளிகள் ஏன் இந்த வாதத்தையே பிடித்துக்கொள்கிறார்கள்? 1923-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் யார்மேல் தப்பு என்று பெரிதாகக் கேட்பதில்லை. வேலையால், வேலையின்போது விபத்து நடந்ததா என்பதே அதன் கேள்வி. சில விதிவிலக்குகளை விட்டால், தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. மிச்சமிருக்கும் வழி 'அவர் என் தொழிலாளியே இல்லை' என்பதுதான்.

தொகையும் சிறியதல்ல. 2020 ஜனவரியிலிருந்து மாத ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த ஆண்டில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த 30 வயதுக் கொத்தனாரை எடுத்துக்கொள்ளலாம். உச்சவரம்பில் பாதியை அந்த வயதுக்கான 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கிடைப்பது 15,59,850 ரூபாய். அவர் தொழிலாளி என்றால் குடும்பத்துக்கு இந்தப் பணம். தனி கான்ட்ராக்டர் என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பைசா கிடையாது.

யார் தொழிலாளி என்பதை ஒரு காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இதில் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டிய பெரிய வழக்கு நஷ்டஈடு சம்பந்தப்பட்டதே அல்ல, அது ஒரு தொழில் தகராறு. குஜராத்தில் கட்ச் ரண் ஓரத்தில் உப்பு காய்ச்சும் அகரியாக்கள் ஒரு ரசாயனக் கம்பெனியின் பாத்திகளில் குடும்பத்தோடு வேலை பார்த்தார்கள். வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. கூலி விளைந்த உப்பின் எடைக்குத்தான். தேவைப்பட்டால் தங்கள் செலவில் ஆள் வைத்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் சொந்த ஊருக்குப் போய் விவசாயம். எப்படிப் பார்த்தாலும் கான்ட்ராக்டர்கள்போலத்தான் தெரிவார்கள். ஆனால் பாத்தி அமைப்பதிலிருந்து உப்பு எடுப்பதுவரை ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் மேற்பார்வை இருந்தது. சரியில்லாத உப்பைத் தள்ளிவிடும் அதிகாரமும் அதற்கே. அகரியாக்கள் தொழிலாளிகளே என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன வேலை என்று மட்டுமல்ல, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அன்றைய அளவுகோல்.

1973-ல் ஆந்திரத் தையல்கடை ஒன்றின் வழக்கில் அந்த அளவுகோல் இன்னும் நெகிழ்ந்தது. அங்கே தையல்காரர்களுக்கு உருப்படிக் கணக்கில் கூலி. சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப்போய்த் தைத்தார்கள். வேறு கடைக்கு வேலை செய்யவும் தடையில்லை. ஆனால் பெரும்பாலும் தையல் மெஷின் கடைக்காரருடையது, தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்பவரும் அவர்தான். தொழில் தெரிந்தவர் தோளுக்குப் பின்னால் நின்று முதலாளி கட்டளையிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் புரிந்துகொண்டது. ஐந்து ஆண்டு கழித்து கோழிக்கோடு கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் நேராக விஷயத்துக்கு வந்தார். இடையில் எத்தனை கான்ட்ராக்டர் இருந்தாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி. (பின்னாளைய தீர்ப்புகள் இந்த அளவுக்குத் தாராளம் காட்டவில்லை.)

இதே கேள்வி தலைகீழாகத் திரும்பியதும் உண்டு. குஜராத்தில் ஒரு கண் மருத்துவமனையின் மினி பஸ்ஸில் போன அறுவைச் சிகிச்சை டாக்டர் 1997-ல் விபத்தில் இறந்தார். இம்முறை அவர் மருத்துவமனையின் ஊழியர் என்று அடித்துச் சொன்னது இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஊழியர் என்றால் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படியான சிறிய தொகையோடு கம்பெனியின் பொறுப்பு முடிந்துவிடும். அவர் தனித்துத் தொழில் செய்தவர் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் இடத்தில், பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்குச் சாதகமாகத் தராசு சாயலாம் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.

நடுவில் மேஸ்திரியைப் போட்டுத் தப்பிப்பதைச் சட்டம் தொடக்கத்திலேயே யோசித்திருந்தது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒருவர் கான்ட்ராக்டருக்கு விட்டால், அந்த ஆளுக்கு அடிபடும்போது அசல் முதலாளியே நஷ்டஈடு கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 1923 சட்டத்தின் 12-வது பிரிவு இது. ஆனால் 'தன் தொழிலின் பகுதி' என்ற நிபந்தனையில் ஓட்டை இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மேஸ்திரியிடம் விட்டவருக்குப் பெயின்ட் அடிப்பது தொழில் அல்ல. அந்த மேஸ்திரியிடமோ பல நேரங்களில் ஒரு ஏணியைத் தவிர ஒன்றும் இருக்காது.

2025 நவம்பர் 21 அன்று பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், அது நஷ்டஈட்டுக் கணக்கில் சேர்க்கிறது. நல்ல மாற்றம். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நாளெல்லாம் சாலையிலேயே இருக்கும் ஸ்விக்கி, ஜொமாட்டோ பையன்களுக்கு இந்தத் தொகுப்பில் தனி அத்தியாயம். செயலி நடத்தும் கம்பெனிகள் ஆண்டு வர்த்தகத்தில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கட்ட வேண்டும். அதுவும் இந்த ஆட்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். அந்த நிதியிலிருந்து விபத்துக் காப்பீடு உள்ளிட்ட திட்டங்களை அரசு வகுக்கலாம். திட்டம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான். கம்பெனிமேல் நேரடிப் பொறுப்பு என்று இந்த அத்தியாயம் எதையும் வைக்கவில்லை.

அந்தப் பையனுக்கு எந்தக் கடை, எந்த வீடு, எவ்வளவு கூலி என்று சொல்வது செயலி. நட்சத்திரக் குறி குறைந்தால் வேலையை நிறுத்துவதும் அதுதான். அகரியாக்கள்மேல் கம்பெனி மேஸ்திரிக்கு இருந்த பிடியைவிட இது இறுக்கமானது. ஜெய்ப்பூர் தச்சர் தன்னை ஊழியர் என்று சொல்லிக் கமிஷனர் முன் வாதாட முடிந்தது. இந்தப் பையன்களைப் பற்றிய விளக்கத்திலேயே, வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் என்று சட்டம் எழுதி வைத்துவிட்டது.