பாரம் ஏற்றிய டிரெய்லரும் டிராக்டரின் கொக்கியும்

கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டருக்கு உழவைவிட டிரெய்லர் இழுக்கும் வேலையே அதிகம். பாரத்துடன் மேடு ஏறும்போது முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்புவதைப் பலர் பார்த்திருப்பார்கள். இஞ்சினின் சக்திக்கு இது அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. டிராக்டர் பின்பக்கமாகக் கவிழப்போகிறது என்பதற்கு இதுவே முதல் அறிகுறி.

கொக்கி எங்கே இருக்க வேண்டும்?

கொக்கி உயர உயர, டிராக்டரின் முன்பகுதி லேசாகும். சுமார் 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரில் முன்சக்கரங்களின் மேல் இருப்பது 700, 800 கிலோதான். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர் தூரம் என்று கொள்வோம். 1,000 கிலோ விசையுடன் இழுக்கும்போது கொக்கி தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், முன்சக்கரங்களின் மேலுள்ள எடையில் 200 கிலோ குறையும். 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் 400 கிலோ குறைந்துவிடும். மிச்சத்தை மேட்டின் சரிவும் டிரெய்லரின் முன்பாரமும் பறித்துக்கொள்ளும். ஸ்டியரிங் பிடிக்காது. இன்னும் எழும்பினால் ஒன்றரை விநாடிக்குள் டிராக்டர் கவிழ்ந்துவிடும். குதித்துத் தப்ப அவகாசமிராது.

ஆகவே கொக்கி எப்போதும் பின் அச்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுக்கவே கூடாது. சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போதும் இதுவே விதி. முன்சக்கரம் எழும்பினால் உடனே கிளச்சை மிதிக்கவும்.

பாரம் ஏற்றும் முறை

மாட்டுவண்டிக்குச் சொல்லும் முன்பாரம், பின்பாரம் கணக்கு இரண்டு சக்கர டிரெய்லருக்கும் பொருந்தும். முன்பாரம் மிகுந்தால் டிராக்டரின் முன்பகுதி எழும்பும். பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலே தூக்கப்பட்டு, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வழுக்கும். பாரத்தைச் சமமாகப் பரப்பி, முன்பக்கம் சற்றே கூடுதலாக இருக்கும்படி ஏற்றவும்.

இறக்கத்தில் எச்சரிக்கை

பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. முழுப் பாரமும் டிராக்டரைத் தள்ளும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாற்றவும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது ஆபத்து. சாலையில் செல்லும்போது இடது, வலது பிரேக் மிதிகளைத் தாழிட்டு இணைத்திருக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும்.

புறப்படுமுன் கொக்கி ஆணியையும் அதன் பூட்டூசியையும் பார்க்கவும். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மட்கார்டின் மேல் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, உட்கார வைக்காதீர்கள்.