நாணயம் சேர்ப்போர் கூட்டத்தில் நம் வியாபாரம்

அடியேன் பாத்திர மொத்த வியாபாரி. பழைய காசு சேர்க்கும் பைத்தியமும் உண்டு. செல்லாக் காசுக்கு நல்ல காசு கொடுப்பதாக வீட்டில் கேலி செய்வார்கள்.

சில வருடங்களுக்கு முன், பக்கத்து ஊரில் காசு, தபால்தலை சேர்ப்போர் மாதந்தோறும் கூடும் கூட்டத்துக்கு முதன்முறையாகப் போனேன். தீபாவளி நேரம். சும்மா போவானேன் என்று கடை நோட்டீஸ் ஒரு கட்டு எடுத்துப்போய் நாற்காலிக்கு ஒன்றாகப் போட்டுவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எல்லா நோட்டீஸையும் அடுக்கி என் கையில் கொடுத்து, "ஐயா, நாங்கள் பத்துப் பேர் உங்கள் கடைக்குள் வந்து காசைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றால் உங்களுக்கு யாவாரம் நடக்குமா?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அங்கே விற்கவே கூடாது என்றில்லை. முதலில் பேச்சு, காட்சி. கடைசி அரை மணி நேரம் மட்டும் ஒரு மேஜையில் விற்பனை. விலையை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். மெருகு போட்டிருந்தால், ஒட்டுப் போட்டிருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் மூன்று கூட்டம் வரை மேஜை போட முடியாது. ஆல்பம், பூதக்கண்ணாடி விற்கும் கடைக்காரர்களுக்கும் இதே விதிதான்.

இன்னொரு விதி உண்டு. "இது என்ன பெறும்?" என்று ஒருவர் கேட்டால், விலை சொன்னவர் அந்தப் பொருளைத் தான் வாங்கக் கூடாது. இந்த விதியின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஒரு பெண் தன் ஐயா வைத்திருந்த தகர டப்பாவைக் கொண்டுவந்தார். கிளறினால், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த செப்புக் காசு ஒன்று. ராஜாவின் முத்திரை எழுத்தும் கிரீடமும் தேயாமல் இருந்தன. 1845-இல் அந்த ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் அவர்கள். அந்த அம்மாள் விலை கேட்டார். வாய் வரை வந்த விலை பாதி விலைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். தலைவர் தொண்டையைக் கனைத்தார். முழு விலையைச் சொன்னேன். இன்னொருவர் வாங்கிக்கொண்டார்.

விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? 1818 என்று வருடம் போட்டு, ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்த 'கம்பெனி அணா' லட்சம் பெறும் என்கிறார்கள். அப்படி ஒரு அணாவைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லி ஏமாற்றியதும் இந்த வகைச் சரக்கை வைத்துத்தான். 2012-இல் வந்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய்க்கும் இதே கதை கட்டினார்கள். பழைய நோட்டு, காசு விற்பனைக்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் அன்பர்களுக்கு இது தெரிந்த சங்கதியே. புதிதாக இறங்குவோருக்காகச் சொல்கிறேன். 1972-ஆம் வருடச் சட்டப்படி, நூறு வருடம் கடந்த பழங்காசு, சிலை போன்றவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர்கள் கேட்டாலும் அப்படித்தான்.

இப்போது நான் நோட்டீஸ் கொண்டுபோவதில்லை. யாராவது தொழில் என்னவென்று கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான். ஆசிரியர் தன் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் நம் கடையில்தான் எடுத்தார். விலையைக் கறாராகப் பேசியும் எடுத்தார். அந்த டேனிஷ் காசை வாங்கியவர் இன்னமும் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறார். பார்க்க மட்டும் என் கையில் தருவார்.