பிணியும் பிணிப்பும்: கதிரியக்க உலோக மருந்துகளின் பெயரீடு

தமிழில் 'பிணி' என்னும் சொல் நோயையும் கட்டினையும் குறிக்கும். சங்கச் செய்யுட்களில் மலர் கட்டவிழ்தல் 'பிணியவிழ்தல்' எனப்படுதலை நாம் அறிவோம். புற்றுநோய் மருத்துவத்தில் இன்று வழங்கும் ஒரு முறைக்குப் பெயரிடுங்கால் இவ்விரு பொருளும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன.

கதிரியக்க உலோக அணுவை ஒரு மூலக்கூற்றோடு இணைத்து உடலினுட் செலுத்தி, அது தங்கும் இடத்தைப் படமாகக் காண்டலும், ஆண்டுள்ள புற்றணுக்களை அழித்தலும் அம்முறையாகும். இதனைக் 'கதிரியக்கக் குறியிடல்' என்பர். பெட்டியின்மேற் சீட்டு ஒட்டுதல் போன்றதோர் எண்ணத்தை இச்சொல் எழுப்புகின்றது. அது பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இம்மருந்து மூன்று உறுப்புடையது. முதலாவது, நோயிடத்தை நாடும் மூலக்கூறு. நரம்புசார் நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் பலவற்றின் உயிரணுப் பரப்பில் சோமட்டோஸ்டாட்டின் என்னும் இயக்குநீரின் ஏற்பிகள் மிகுந்திருக்கும். அந்நீரை ஒத்த பெப்டைடு அவற்றை நாடிப் பற்றும். இரண்டாவது, உலோகம். படம் காண்டற்குரிய காலியம்-68இன் அரைவாழ்வு 68 நிமிடம். அழித்தற்குரிய லுட்டீசியம்-177இன் அரைவாழ்வு ஏறத்தாழ 6.65 நாள், அதன் பீட்டாக் கதிர் திசுவினுள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவே செல்லும். மும்பை டிராம்பேயில் 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா அணு உலையில் இவ்வுலோகம் ஆக்கப்பெற்று, நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வழங்கப்பெற்றுள்ளது.

மூன்றாவது உறுப்பே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. 'டோட்டா' என்னும் வளையச் சேர்மம் நான்கு நைட்ரசன் அணுக்களாலும் ஆக்சிசன் அணுக்களாலும் உலோகத்தைச் சூழ்ந்து இறுகப் பற்றுகின்றது. இவ்வகைப் பற்றினைத் தமிழ் வேதியியலார் 'கொடுக்கிணைப்பு' என்பர். அதன் ஆங்கிலப் பெயரும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்ததே.

இக்கொடுக்கு நெகிழின் விளைவது யாது? விடுபட்ட லுட்டீசியம் எலும்பிற் படிந்து, குருதியை ஆக்கும் மச்சைக்குக் கேடு செய்யும். ஆதலின், கட்டுறாது எஞ்சிய உலோகம் எவ்வளவு என ஆய்ந்த பின்னரே மருந்தினை நோயாளிக்குச் செலுத்துவர். சீட்டு உதிர்ந்தாற் பெட்டிக்குக் கேடில்லை. ஈண்டுக் கட்டவிழின் மருந்தே நஞ்சாகும். 'குறியிடல்' என்பது காண்டலாகிய ஒரு பயனை மட்டுமே சுட்டி, இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது.

எனவே, 'கதிருலோகப் பிணிப்பு' என்னும் சொல்லை முன்வைக்கின்றோம். நோய்ப்பொருளொடு மயங்கும் எனச் சிலர் தடை கூறலாம். 'பிணி' இருபொருள்படும், 'பிணிப்பு' கட்டினையே உணர்த்தும். ஆதலின் மயக்கத்திற்கு இடமில்லை.

மருத்துவமும் தமிழும் ஒரே வளாகத்திற் பயிலப்பெறும் பொத்தேரி போன்ற இடங்களில், முதுகலை மாணவர் மருத்துவரோடு அமர்ந்து இத்தகு சொற்களை ஆய்தல் வேண்டும். உடன்பாட்டுப் படிவத்தில் ஒப்பமிடும் நோயாளி, தம் உடலினுட் செல்வது இன்னதென அச்சொல்லாலேயே உணர்தல் வேண்டும் அன்றோ?