கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்! திருத்தணிப் பெண்ணும் டச்சுப் பெண்ணும்

ஐரோப்பாவில் பார்லே என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊரில் ஒரு பகுதி நெதர்லாந்து நாட்டுக்குச் சொந்தம். இன்னொரு பகுதி பெல்ஜியம் நாட்டுக்குச் சொந்தம்.

வடக்கே பாதி, தெற்கே பாதி என்று நினைத்துவிடாதீர்கள். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டது போல இரண்டு நாடுகளும் கலந்து கிடக்கின்றன. பெல்ஜியத்தின் துண்டுகள் மட்டும் 22. எல்லைக்கோடு தெருவில் ஓடும். கடைக்குள் புகும். வீட்டின் நடுவிலும் போகும்.

வீட்டுக்குள் கோடு போனால், அந்த வீடு எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது?

தலைவாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டத்துக்கு! அதுதான் அங்கே வழக்கம். 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது, அந்த ஊர்த் துணிக்கடை ஒன்றில் ஒரு பாதியை மூடிவிட்டார்கள். மறு பாதியில் வியாபாரம் நடந்தது. ஒரே கூரை, இரண்டு சட்டம்!

இதைப் படித்துச் சிரிக்கிறோம். ஆனால், நம் திருத்தணியின் கதையும் கொஞ்சம் இப்படித்தான்.

ஏப்ரல் 1-ந் தேதி

1953-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று. அதில் திருத்தணியும் போயிற்று. தணிகை மலை முருகன் ஆந்திராவுக்குப் போய்விட்டாரே என்று தமிழர்கள் துடித்தார்கள். ம.பொ.சிவஞானமும் தமிழரசுக் கழகத்தாரும் போராடினார்கள். ஊருக்கு ஊர் தமிழ் வளர்த்த மங்கலங்கிழார் இந்தப் பகுதி மக்களைத் திரட்டினார். பலர் சிறை சென்றார்கள்.

படாஸ்கர் என்பவர் நடுவராக இருந்து எல்லையைப் பிரித்துக் கொடுத்தார். 1959-ல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. 1960-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ந் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் புத்தூரும் நகரியும் அங்கேயே நின்றுவிட்டன.

அன்று எல்லோரும் பேசியது மொழியைப் பற்றி, மலையைப் பற்றி, முருகனைப் பற்றி. அந்தக் கோடு ஒரு வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தையும் சொத்தையும் தொடும் என்று யாரும் பேசவில்லை.

ஆனால் தொட்டது!

மாலை மாற்றினால் போதும்

முதலில் கல்யாணத்தைப் பார்ப்போம்.

திருத்தணி கல்யாணத்துக்குப் பேர்போன ஊர். முகூர்த்த நாளில் மலைக்குப் போனால் மாலையும் கழுத்துமாக எத்தனையோ ஜோடிகளைப் பார்க்கலாம். வேடர் குலத்து வள்ளியை மணந்து முருகன் அமர்ந்த இடம் என்பது தலத்தின் பெருமை. தெய்வமே குலம் பார்க்கவில்லை. மனிதர்கள்தான் பார்க்கிறார்கள்!

புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் செய்யும் சுயமரியாதைத் திருமணங்களைப் பெரியார் 1928-ம் ஆண்டு முதல் நடத்தி வந்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி உருவாயின. ஆனால் 1953-ல் சென்னை ஐகோர்ட்டு, "இது சட்டப்படி கல்யாணம் ஆகாது" என்று தீர்ப்பளித்தது. பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்தவர்களின் நிலை என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

அண்ணா முதல்-அமைச்சர் ஆனதும் 1967-ல் இதற்கென்று ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. உற்றார், நண்பர் முன்னிலையில், "இவரை என் மனைவியாக ஏற்கிறேன்", "இவரை என் கணவராக ஏற்கிறேன்" என்று தங்களுக்குத் தெரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம். மோதிரம் போடலாம். தாலி கட்டலாம். எதைச் செய்தாலும் கல்யாணம் செல்லும். முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும்.

இந்தத் திருத்தம் இந்தியா முழுவதற்கும் ஆனது அல்ல. திருத்தணியில் உண்டு. பக்கத்து நகரியில் இல்லை. அங்கே இதே மாதிரி மாலை மாற்றி மணந்தால், "உங்கள் வழக்கப்படி சடங்கு நடந்ததா?" என்று நாளைக்கு ஒருவர் கேட்க இடம் உண்டு. சடங்கே வேண்டாம் என்பவர்கள் தனித் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டார் எதிர்ப்பை மீறி மணக்கும் பெண்ணுக்கு அந்த 30 நாள் எவ்வளவு நீளம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஆக, 1960-ல் போட்ட கோடு திருத்தணிக்கு ஒரு லாபம் தந்தது. சரி, சொத்தில்?

இரண்டு மாப்பிள்ளை, ஒரே முகூர்த்தம்

1956-ல் வந்த இந்து வாரிசுச் சட்டம், அப்பா தானே சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குப் பிறவி உரிமை. மகளுக்கு அது இல்லை. கிராமத்தில் நிலம் என்றால் பெரும்பாலும் பூர்வீகம்தானே?

இதை முதலில் மாற்றியது தமிழ்நாடு அல்ல. ஆந்திரா! என்.டி.ராமராவ் ஆட்சியில் வந்த சட்டம், 1985-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதல் மகளுக்கும் பிறவி உரிமை தந்தது. கருணாநிதி ஆட்சியில் தமிழ்நாட்டில் வந்த சட்டம் 1989-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி முதல் செல்லும் என்றது. இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்குப் பங்கு கிடையாது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 1987 ஆனி மாதத்தில், ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். ஒரு பெண் நகரி. மற்றொரு பெண் திருத்தணி. 1985-ல் இருவருக்கும் மணமாகவில்லை. ஆகையால் நகரிப் பெண்ணுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டு. திருத்தணிப் பெண்ணோ, 1989 மார்ச்சுக்கு முன்பே புருஷன் வீடு போய்விட்டாள். அவளுக்குப் பங்கு இல்லை!

திருத்தணி ஆந்திராவிலேயே இருந்திருந்தால் அவளுக்கும் கிடைத்திருக்கும். எல்லைப் போராட்டத்தில் நாம் மலையை வென்றோம். ஆனால் அந்த மூன்றரை ஆண்டுகளில் தாலி ஏறிய பெண்கள் தங்கள் பங்கை இழந்தார்கள். எந்த ஊர்வலத்திலும் இதற்கு ஒரு கோஷம் எழவில்லை.

டச்சுக்காரர்கள் மட்டும்?

டச்சுக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் 17-ம் நூற்றாண்டிலேயே கோட்டை கட்டி, துணி வாங்கி விற்றவர்கள். நம் கரையிலிருந்து ஏழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றியவர்களும் அவர்களே. அடிமை வியாபாரத்துக்காக அந்நாட்டு மன்னர் 2023 ஜூலையில் மன்னிப்புக் கேட்டார்.

இன்று அந்த நாட்டைச் சொர்க்கம் போல வர்ணிக்கிறார்கள். பணக்கார நாடுகளின் குழந்தைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று யூனிசெப் ஆராய்ந்தபோது, 2007, 2013, 2020, 2025 ஆகிய நாலு தடவையும் நெதர்லாந்துக்கே முதலிடம். பள்ளிப் பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிளில் போகிறார்கள். வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளக் கேட்கும் உரிமையை 2000-ல் சட்டமாக்கினார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்கலாம் என்று உலகிலேயே முதலில் சொன்னது அந்த நாடு. அது அமலுக்கு வந்ததும் ஓர் ஏப்ரல் 1-ந் தேதிதான்; ஆண்டு 2001. (நம் நாட்டில் அப்படி மணக்கச் சட்டம் இல்லை என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஆனால் திருநங்கையும் "மணமகள்"தான், அவர் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-ல் தூத்துக்குடி வழக்கில் சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது.)

இப்படிப்பட்ட நாட்டில் பெண்ணுக்கு என்றைக்கும் சுதந்திரம் இருந்தது என்றுதானே எண்ணத் தோன்றும்? இல்லவே இல்லை!

1956 வரை, கல்யாணமான டச்சுப் பெண் சட்டத்தின் முன் ஒரு சிறு பிள்ளை. கணவன் சம்மதம் இல்லாமல் பாங்கியில் கணக்குத் தொடங்க முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. சர்க்கார் வேலையில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் சீட்டுக் கிழிந்தது!

கோரி டெண்டலோ என்ற பெண் எம்.பி. இதை எதிர்த்துப் போராடினார். மணமான பெண்களை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று 1955-ல் அவர் கொண்டுவந்த தீர்மானம் தப்பித்தது எத்தனை ஓட்டில் தெரியுமா? 46-க்கு 44. இரண்டே ஓட்டு! கையெழுத்து உரிமை தரும் சட்டம் 1956 ஜூன் மாதம் நிறைவேறியது. நம் வாரிசுச் சட்டம் வந்ததும் அதே ஜூன் மாதம்தான். டச்சுச் சட்டம் அமலுக்கு வந்தது 1957 ஜனவரி 1-ந் தேதி. அந்த நாளைப் பார்க்க டெண்டலோ உயிருடன் இல்லை. 1956 அக்டோபரில் காலமாகிவிட்டார்.

இன்றும் அங்கே பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பகுதி நேர வேலைதான் பார்க்கிறார்கள். பிள்ளைகளுடன் இருக்க நேரம் கிடைக்கிறது, உண்மை. ஆனால் சம்பளமும் குறைவு. கணவன் பிரிந்து போனால் கஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

கையெழுத்துப் போடுமுன்...

நம் கதைக்குத் திரும்புவோம். 2005-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி மத்திய சர்க்கார் சட்டத்தையே திருத்திவிட்டது. நகரியோ திருத்தணியோ, மணமானவளோ ஆகாதவளோ, மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பிறவி உரிமை உண்டு. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. 1987-ல் விட்டுப்போன திருத்தணிப் பெண்ணும் இப்போது கேட்கலாம்.

ஆனால் சார்பதிவாளர் ஆபீசில் நடப்பது வேறு. "சீர் செய்தோமே, நகை போட்டோமே, இனி என்ன?" என்று அண்ணன் கேட்பான். தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அண்ணன் வீட்டு உறவு அறுந்துவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு. டச்சுப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லாமல் இருந்தது. நம் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடாமல் இருக்கத் தைரியம் வரவில்லை!

மனம் ஒப்பிக் கொடுப்பது வேறு. என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பது வேறு. பத்திரத்தை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் சர்வே எண், எத்தனை சென்ட், என்ன மதிப்பு என்று கேளுங்கள்.

இன்னொன்றும் பார்க்கவேண்டும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறைப்படி பதிவான பாகப் பிரிவினையோ, கோர்ட்டு மூலம் நடந்த பிரிவினையோ இருந்தால் அதைக் கலைக்க முடியாது. ஆகவே பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்து, முதலில் தேதியைப் பாருங்கள்.